அடிக்கல, திட்டல, பட்டினி போடல. அப்புறம் ஏன் நான் இப்படி இருக்கேன்?

ஒற்றைக்குடை:

போன மாசம் எனக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். லேப்ராஸ்கோப்பிதான், பெருசா ஒண்ணுமில்ல. அட்மிஷன் பாரத்துல "அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்"னு ஒரு கட்டம் இருக்குமே, அங்க வந்ததும் பேனா நின்னுபோச்சு. ஆள் இல்லாம இல்ல. அம்மா அப்பா இருக்காங்க, தங்கச்சி இருக்கா, பதினஞ்சு வருஷமா ஒரு சிநேகிதி இருக்கா. ஒருத்தருக்கும் ஆபரேஷன்னே சொல்லல. கடைசியில என் நம்பரையே எழுதிக் குடுத்தேன். நர்ஸ் பாத்துட்டு, "ஏம்மா, உங்களுக்கு ஒண்ணுன்னா உங்களுக்கே போன் பண்ணிச் சொல்லவா?"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் அது உறுத்த ஆரம்பிச்சுது.

இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. ஒன்பது வயசுல விழுந்து மணிக்கட்டு எலும்பு விட்டுப்போச்சு. ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல. பயந்து மறைச்சேன்னு இல்ல, சொல்லணும்னே தோணல. இடது கையால எழுதறதைப் பாத்து மூணாம் நாள் டீச்சர் கண்டுபிடிச்சாங்க. அப்பா வந்தார், மாவுக்கட்டு போட்டாங்க, பில் கட்டினார். வீட்டுக்கு வந்ததும் டிவி போட்டாச்சு. "ரெண்டு நாளா ஏன் சொல்லல?"ன்னு யாரும் கேக்கல.

எனக்கு 36 வயசு. நல்ல வேலை. எங்க வீட்டுல கை நீட்டினது கிடையாது, குடி கிடையாது, சண்டை கூடக் கிடையாது. குறை சொல்லணும்னா காட்டுறதுக்கு என்கிட்ட ஒரு சம்பவம் கூட இல்ல. அதான் கேக்கறேன், இதுக்கும் சின்ன வயசுக்கும் சம்பந்தம் இருக்கா, இல்ல என் சுபாவமே இதானா?

நேர்வழி:

மன்னிக்கணும், கொஞ்சம் கடுமையாத்தான் வரும். உடுத்தக் குடுத்து, படிக்க வெச்சு, ஆளாக்கி விட்டிருக்காங்க. இப்போ 36 வயசுல "என்னைக் கவனிக்கல"ன்னா என்ன அர்த்தம்? எங்க தலைமுறையில யாரு யாரை உக்கார வெச்சு "உன் மனசு எப்படி இருக்கு கண்ணு"ன்னு கேட்டா? நாங்க நல்லாத்தானே இருக்கோம். இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் ஒரு பேர் வெச்சு நோயாக்கிடறாங்க.

மூத்தவன்:

@நேர்வழி ஐயா, "நாங்க நல்லாத்தானே இருக்கோம்"னு சொல்றவங்க வீட்டுல இருக்கறவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கணும். கிண்டல் பண்ணலை, நானும் அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன்தான்.

எனக்குப் பத்து வயசுலயே தம்பிக்குச் சட்டை பட்டன் போடறது, வீட்டுப் பாடம் பாக்கறது, அம்மா அழுதா தேத்தறது எல்லாம் என் வேலை. "இவன் இருக்கான், எனக்குக் கவலையே இல்ல"ன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அம்மா சொல்லுவாங்க. அதை மெடல் மாதிரி மாட்டிக்கிட்டு அலைஞ்சேன். இப்போ 44. ஆபீஸ்ல எல்லார் பிரச்சினையும் என் மேஜைக்குத்தான் வருது. ஞாயித்துக்கிழமை சும்மா உக்காந்தா நெஞ்சு படபடக்குது, யாருக்கோ ஏதோ செய்ய மறந்துட்ட மாதிரி. டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார், சுத்தமா இருக்கு.

ஒற்றைக்குடை அக்கா (சின்னவங்களா இருந்தாலும் அக்கான்னே கூப்பிடறேன், வாய்ல வந்துருச்சு), அந்த மணிக்கட்டு விஷயத்தைப் படிச்சுட்டு ஃபோனைக் கவுத்து வெச்சுட்டேன். கொஞ்ச நேரம் ஆச்சு மறுபடி எடுக்க.

பாதரசம்:

நான் ஆராய்ச்சித் தரவுகளோடு புழங்குகிறவன், சிகிச்சை தருபவன் அல்ல. "காட்டுவதற்குச் சம்பவம் இல்லை" என்ற அந்த வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தத் துறையின் பெரிய தலைவலியே அதுதான். அடி விழுந்தால் தேதி இருக்கும், தழும்பு இருக்கும். நடக்காமல் போனதற்கு என்ன சாட்சி?

குழந்தைப் பருவக் கொடுமைகளை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு வினாத்தாள் உண்டு, 1990களில் டேவிட் பெர்ன்ஸ்டீன் குழுவினர் உருவாக்கியது. அதில் அடி, திட்டு பற்றிய கேள்விகள் எல்லாம் "இப்படி நடந்ததா?" என்று நேராகக் கேட்கும். உணர்வுப் புறக்கணிப்புக்கு, அதாவது குழந்தையின் மனதைக் கவனிக்காமல் விடுவதற்கு, வரும்போது கேள்வி திரும்பிக்கொள்ளும். "நான் முக்கியமானவன் என்று உணர வைத்த ஒருவர் வீட்டில் இருந்தார்", "என்மேல் அன்பு இருந்ததாக உணர்ந்தேன்", "வீட்டில் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டோம்" என்கிற மாதிரி ஐந்து வாக்கியங்கள், ஐந்தும் நல்ல வாக்கியங்கள். எவ்வளவு தூரம் "இல்லை" என்கிறீர்களோ அவ்வளவு மதிப்பெண். இல்லாததை அளக்க வேறு வழி அவர்களுக்கும் கிடைக்கவில்லை.

இன்னொரு விஷயம். 1998இல் வெளிவந்த புகழ்பெற்ற 'ஏஸ்' ஆய்வு, ஃபெலிட்டியும் ஆண்டாவும் அமெரிக்காவின் சான் டியேகோவில் செய்தது. குழந்தைப் பருவத் துன்பங்களுக்கும் பிற்கால நோய்களுக்கும் உள்ள தொடர்பை உலகுக்குக் காட்டிய அந்த முதல் கட்டுரையில் ஏழு வகைத் துன்பங்கள் இருந்தன, புறக்கணிப்பு இல்லை! இரண்டாம் சுற்றில்தான் உடல் சார்ந்த புறக்கணிப்பும் உணர்வுப் புறக்கணிப்பும் சேர்ந்தன; பெற்றோர் பிரிவையும் சேர்த்துப் பட்டியல் பத்தானது. ஆராய்ச்சியாளர்கள் கண்ணிலேயே பிந்தித்தான் பட்டது என்றால், அனுபவித்தவருக்கு 36 வயதில் உறைப்பதில் ஆச்சரியம் இல்லை.

தாழ்வாரம்:

பல வருடங்களாக ஆலோசகராக இருக்கிறேன். எழுத்தை வைத்து யாருக்கும் 'உங்களுக்கு இதுதான்' என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் ஒற்றைக்குடை எழுதியதைப் போலவே பேசுகிற பலர் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். "எனக்குப் பிரச்சினை எதுவும் இல்ல மேடம், தூக்கம்தான் வரல" என்று ஆரம்பிப்பார்கள். ஒரு மணி நேரம் அடுத்தவர்களுக்காகக் கவலைப்படுவார்கள். "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் என்ன நினைத்தார்கள் என்று சொல்வார்கள், என்ன செய்தார்கள் என்று சொல்வார்கள். எப்படி இருந்தது என்பதற்குச் சொல் வராது. அவர்கள் மழுப்பவில்லை, நிஜமாகவே வராது. குழந்தை அழும்போது "பயந்துட்டியா?", "கோவமா?" என்று ஒரு பெரியவர் பேர் வைத்துக் கொடுத்தால்தான் அந்தப் பேர்கள் அதற்குக் கிடைக்கும். யாரும் வைக்கவில்லை என்றால் உள்ளே எல்லாம் ஒரே கலங்கலாகத்தான் இருக்கும். பெரியவர்களான பிறகு அது தலைவலியாக, வயிற்றுக் கோளாறாக, மூத்தவன் சொன்ன படபடப்பாக வெளியே வரலாம். (மூத்தவன், இ.சி.ஜி. எடுத்தது நல்லது. உடம்பைப் பார்த்துவிட்டுத்தான் மனசுக்கு வர வேண்டும்.)

மேரி மெயினும் அவருடைய சகாக்களும் 1980களில் உருவாக்கிய ஒரு பேட்டி முறை இருக்கிறது. உங்கள் தாயோடு இருந்த உறவை ஐந்து சொற்களில் சொல்லுங்கள் என்பார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சம்பவம் கேட்பார்கள். இந்த இடத்தில்தான் சிலர் தடுமாறுவார்கள். "அன்பானவங்க." ஒரு சம்பவம்? "எப்பவுமே அன்பாத்தான் இருந்தாங்க." குறிப்பாக ஒன்று? "ம்... ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் கரெக்டா கட்டிடுவாங்க." அப்புறம் ஒரு மௌனம். அந்த மௌனத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

குழந்தைப் பருவம் நன்றாக இருந்ததா என்பதற்கு அந்தப் பேட்டியில் மதிப்பெண் கிடையாது. நடந்ததை முன்னுக்குப் பின் முரணில்லாமல், மிகைப்படுத்தாமல், மழுப்பாமல் ஒருவரால் சொல்ல முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். மோசமான வீட்டில் வளர்ந்தவரும் தன் கதையைத் தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொண்டால், அவருடைய குழந்தை அவரிடம் பாதுகாப்பாகவே ஒட்டிக்கொள்ள நிறைய வாய்ப்பு இருக்கிறது.

நேர்வழி:

அப்போ சம்பவம் ஞாபகம் வரலைன்னா கவனிக்கலைன்னு அர்த்தமா? எனக்கு நேத்து என்ன நடந்துச்சுன்னே ஞாபகம் இல்லம்மா.

பாதரசம்:

நியாயமான கேள்வி ஐயா, இதற்கு ஒரு ஆய்வே இருக்கிறது. அமெரிக்காவில் 1967 முதல் 1971 வரை கொடுமை, புறக்கணிப்பு என்று நீதிமன்றப் பதிவில் இருந்த குழந்தைகளைக் கேத்தி விடம் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். பெரியவர்களானதும் அவர்களிடமே "உங்களுக்கு அப்படி நடந்ததா?" என்று கேட்டபோது பதிவும் ஞாபகமும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. பதிவில் இருந்தும் "அப்படி ஒன்றும் இல்லை" என்றவர்கள் உண்டு, பதிவே இல்லாமல் "நடந்தது" என்றவர்களும் உண்டு. 2020இல் ஆண்ட்ரியா டானீஸோடு சேர்ந்து அதே தரவை அவர் அலசியபோது, மனநலச் சிக்கல்கள் காகிதப் பதிவைவிட ஆளின் சொந்த நினைவோடுதான் நெருக்கமாக இருந்தன.

ஆகவே நினைவை வைத்துக்கொண்டு "என் அப்பா குற்றவாளி" என்று தீர்ப்பு எழுத முடியாது. அதே சமயம், நினைவில் வலி இருப்பவருக்கு உதவி தேவையில்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் சண்டைதான் மிஞ்சும்.

மொட்டைமாடி:

ஹலோ, எனக்கு 22 வயசு. பாதரசம் அண்ணா சொன்ன ஏஸ் டெஸ்ட்டை இப்பதான் நெட்ல போட்டுப் பாத்தேன். 6 வந்துச்சு. நாலுக்கு மேல போனாலே டிப்ரஷன், குடி, தற்கொலை எல்லாம் பல மடங்குன்னு போட்டிருக்கான். அப்போ என் கதை முடிஞ்சுதா?

பாதரசம்:

தம்பி, முதலில் அந்தப் பக்கத்தை மூடுங்கள். நாலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மதுப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றில் ஆபத்து 4 முதல் 12 மடங்கு என்று 1998 கட்டுரை சொன்னது உண்மை. ஆனால் அது ஒரு பெருங்கூட்டத்தின் சராசரி. ஒரு தனி மனிதனுக்கு என்ன ஆகும் என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. இதைச் சொல்வது வேறு யாரோ இல்லை, அதே ஆய்வைச் செய்த ஆண்டாவே 2020இல் சகாக்களோடு எழுதினார், தனி ஆட்களைச் சலித்துப் பிரிக்க இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று. ஒரே ஒரு நாள் நடந்ததற்கும் பத்து வருடம் நடந்ததற்கும் அதில் ஒரே புள்ளிதான். வீட்டுக்கு வெளியே உங்களைத் தாங்கிய ஆசிரியரோ பாட்டியோ இருந்தார்களா என்ற கேள்வியே அதில் கிடையாது.

அந்தக் கேள்விதான் முக்கியம். ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் நடுவயதுவரை பின்தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சிக்கல் என்று பல சுமைகளோடு பிறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்ல நிலையில் வளர்ந்து வந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது, பெற்றோர் இல்லாவிட்டாலும் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர்.

தாழ்வாரம்:

@மொட்டைமாடி, நீங்கள் தற்கொலை என்ற சொல்லை எழுதியிருப்பதால் நேராகவே கேட்கிறேன். அந்த எண்ணம் உங்களுக்கு வருகிறதா? வந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் இன்றைக்கே பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரிடமோ, மருத்துவரிடமோ, உதவி எண்ணிலோ பேசுங்கள். இல்லை என்றால் "இல்லை" என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

மொட்டைமாடி:

இல்ல மேடம். நிஜமா இல்ல. பயந்துட்டேன், அவ்ளோதான். யாரோ கேட்டதே ஒரு மாதிரி இருக்கு. தேங்க்ஸ்.

நிலைக்கண்ணாடி:

நான் அந்தப் பக்கத்திலிருந்து எழுதறேன். இப்படி வளர்ந்த ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ.

என் வீட்டுக்காரருக்கு 102 காய்ச்சல் அடிச்சாலும் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவார். தண்ணி கொண்டு போனா, "வெச்சுட்டுப் போ, நீ ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கறே"ம்பார். பொண்ணு பொறந்தப்போ நான் வலியில கத்தறேன், இவர் வாசல்ல ஃபைலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். உள்ள வாங்கன்னா, "நான் வந்து என்ன பண்ணப்போறேன்?" நக்கலா இல்ல, உண்மையான சந்தேகம் அது. பக்கத்துல ஒரு ஆள் இருந்தாலே ஆறுதல்ங்கிறது அவருக்குத் தெரியாத சமாச்சாரம். ஏழெட்டு வருஷம் அவருக்கு என் மேல பிரியமே இல்லைன்னு நெனச்சு அழுதிருக்கேன். ஒரு நாள் அவங்க அம்மா பெருமையாச் சொன்னாங்க, "இவன் தொட்டில்ல அழவே மாட்டான், அவ்ளோ சமத்து." அன்னிக்கு எனக்கு ஏதோ புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

புரிஞ்சதால வாழறது சுலபமாயிடலைங்கிறதையும் சொல்லிடறேன். சில நாள் கதவைத் தட்டித் தட்டி எனக்கே கை வலிக்குது.

பாதரசம்:

"அழவே மாட்டான், சமத்து." ருமேனியா நினைவுக்கு வருகிறது. 1966இல் அங்கே கருக்கலைப்புக்குத் தடை போட்டு ஜனத்தொகையைப் பெருக்கப் பார்த்தார்கள். வளர்க்க முடியாத குழந்தைகள் அரசு இல்லங்களில் போய் நிறைந்தன. 1989இல் ஆட்சி கவிழ்ந்த பிறகு உள்ளே போனவர்கள் முதலில் சொன்னது அந்த அறைகளின் அமைதியை. வரிசை வரிசையாகத் தொட்டில்கள், அழுகைச் சத்தம் இல்லை. அழுதால் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட குழந்தை அழுகையை விட்டுவிடுகிறது.

பிறகு புகாரெஸ்ட் நகரில் அப்படிப்பட்ட இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி ஒப்பிட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் கூடியது, பிணைப்பும் மேம்பட்டது. சுமார் இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள். (மீதிப் பாதியை ஏன் இல்லத்தில் விட்டார்கள் என்ற அறச் சர்ச்சை இன்றும் ஓயவில்லை. எனக்கும் அதில் உடன்பாடு இல்லை.) அது அதீதமான கைவிடல், நம் வீடுகளை அதோடு ஒப்பிடக் கூடாது. ஆனாலும் குழந்தைக்குத் துணியும் கூரையும் மட்டும் போதாது என்பதை அதற்கு மேல் நிரூபிக்க வேண்டியதில்லை.

நேர்வழி:

ரெண்டு நாளா இதைப் படிச்சுக்கிட்டே இருக்கேன். முதல்ல எழுதினது கோவத்துல எழுதினது. ஏன் கோவம்னு யோசிச்சேன்.

எனக்கு ஒரே பையன். அவன் சின்னதா இருந்தப்போ நான் ரெண்டு ஷிப்ட் பாத்தவன். காலையில அவன் எந்திரிக்கும் முன்னாடி கிளம்புவேன், ராத்திரி தூங்கினப்புறம் வருவேன். என் அப்பா என்கிட்டப் பேசினதைவிட நான் அவன்கிட்டக் கூடத்தான் பேசினேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்போ வாரம் ஒரு போன். "எப்படிப்பா இருக்கே?" "நல்லா இருக்கேன்ப்பா." வெச்சுடறான். ஒற்றைக்குடை எழுதினது அவன் எழுதின மாதிரியே இருந்துச்சு, அதான். அப்போ நானும் அந்த லிஸ்ட்டா? தாழ்வாரம் அம்மா, பூசி மெழுகாமச் சொல்லுங்க.

தாழ்வாரம்:

பூசாமல் சொல்கிறேன் ஐயா. உங்கள் மகன் எப்படி உணர்ந்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். வேலைக்காக வீட்டில் இல்லாமல் போவதும் புறக்கணிப்பும் ஒன்றல்ல. நாள் முழுக்கக் கூடவே இருந்தும் குழந்தையைப் பார்க்காதவர்கள் உண்டு. ஆனால் குழந்தைக்கு அந்த நியாயம் தெரியாது. ஆள் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். இரண்டுமே உண்மைதான்.

எட் ட்ரோனிக்கின் பழைய சோதனை ஒன்று, 1970களில் செய்தது. தாய் குழந்தையோடு கொஞ்சி விளையாடுவாள், பிறகு சட்டென்று முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொள்வாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை காட்டும், சத்தம் போடும், எதற்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அதே ட்ரோனிக் இன்னொன்றையும் கண்டார். நன்றாக இருக்கும் தாய், குழந்தை ஜோடிகளே பத்தில் மூன்று பங்கு நேரம்தான் ஒத்திசைவில் இருக்கிறார்கள். மீதி நேரம் பிசகுவதும் மறுபடி சரிசெய்துகொள்வதும்தான். பிசகியபின் திரும்பி வருகிறாரா என்றுதான் குழந்தை பார்க்கிறது. அதற்கு வயது வரம்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்று பெரிய பீடிகையோடு போகாதீர்கள். இரண்டாவது கேள்வி ஒன்று கேளுங்கள். "நல்லா இருக்கேன்ப்பா" என்றதும் வைக்காமல்.

கரையோரம்:

இதுக்கு நேரெதிரா ஒரு அனுபவம். யாராச்சும் "அம்மா அப்பாகிட்ட மனசு விட்டுக் கேட்டுடு"ன்னு சொல்றதுக்குள்ள எழுதிடறேன். நான் கேட்டேன். நாலு பக்கம் எழுதி எடுத்துக்கிட்டுப் போய், அம்மா முன்னாடி உக்காந்து படிச்சேன். "உனக்கு என்ன குறை வெச்சோம்?"னு அழுதாங்க, அப்பா எழுந்து போயிட்டார், கடைசியில நான்தான் அம்மாவைச் சமாதானப்படுத்தினேன். சின்ன வயசுல பண்ணின அதே வேலை! அப்புறம் ரெண்டு வருஷம் தெரபி. அதுல எனக்குப் பிடிபட்டது, அவங்க ஒத்துக்கணும்னு காத்துக்கிட்டிருந்தா என் வாழ்க்கை அவங்க கையிலயே இருக்கும்ங்கறது. என் அம்மாவை வளர்த்தவங்களும் அவங்களைப் பாக்கலை. அது தெரிஞ்சதுல கோவம் குறையல, ஆனா அது வேற மாதிரி கோவமா ஆச்சு.

கேக்கக் கூடாதுன்னு சொல்லலை. பதில் வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கேளுங்க.

மூத்தவன்:

கரையோரம், "கடைசியில நான்தான் சமாதானப்படுத்தினேன்"ங்கிற இடத்துல சத்தமாச் சிரிச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க, எங்க வீட்டுலயும் அப்படியேதான் ஆகும்.

நேர்வழி:

கேட்டேன். "நல்லா இருக்கேன்ப்பா"ன்னான். "முழங்கால் வலின்னு உங்கம்மாகிட்டச் சொன்னியாமே, எந்தக் கால்?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "இடதுப்பா"ன்னான். அவ்ளோதான். ஆறு நிமிஷம் பேசினான், கடிகாரத்தைப் பாத்தேன்.

ஒற்றைக்குடை:

எல்லாருக்கும் தனித்தனியா எழுதணும்னு நெனச்சேன், முடியல. நேர்வழி ஐயா, அந்த ஆறு நிமிஷத்தை நான் மூணு தடவை படிச்சேன்.

என் பக்கம்: சிநேகிதிகிட்ட ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் வண்டி வண்டியாத் திட்டினா. அடுத்த செக்கப்புக்கு லீவு போட்டுட்டுக் கூட வந்தா. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். "நீ கிளம்பு, உனக்கு வேலை இருக்கும்"னு மூணு தடவை சொன்னேன். நாலாவது தடவை வாயெடுத்தப்போ முறைச்சா, பேசாம இருந்துட்டேன். பக்கத்துல ஒருத்தி சும்மா உக்காந்திருக்கறது எவ்ளோ சங்கடமா இருக்கும்னு உங்களுக்கெல்லாம் புரியும்னு நெனக்கிறேன். தாழ்வாரம் மேடம் சொன்ன மாதிரி அதுக்கு என்ன பேர்னு தேடிப் பாத்தேன். இன்னும் கிடைக்கல. கெட்ட சங்கடம் இல்லைங்கிற வரைக்கும் வந்திருக்கேன்.

அம்மாகிட்டச் சொல்லல. சொல்வேனான்னும் தெரியல. தங்கச்சிகிட்ட அந்த அட்மிஷன் பாரம் விஷயத்தைச் சொன்னேன், சிரிப்பான்னு நெனச்சு. அவ சிரிக்கல. "நான் ஆபீஸ் எச்.ஆர். நம்பரைக் குடுத்து வெச்சிருக்கேன்"னா. ஒரே வீட்டுல, ஒரே ரூம்ல வளர்ந்தோம். இப்போதைக்கு நான் அவ நம்பரை எழுதறது, அவ என் நம்பரை எழுதறதுன்னு பேசி வெச்சிருக்கோம்.